முழுப் பேர்

2024 ஜூன் 2, ஞாயிறு

தோட்டத்து வாசிகசாலையின் அங்கத்தவர் பட்டியலை லாப்டாப்பில் ஏற்றி, பைதானில் அகரவரிசைப்படுத்தினேன். அம்மாவின் பெயர் கனகம்மா. கமலாதேவி, கலைச்செல்வி, கவிதா எல்லாரையும் தாண்டி முதலாவதாகப் போய் நின்றது. நம் அரிச்சுவடியில் 'ன' கடைசி மெய். யூனிகோடு அட்டவணையிலோ அது 'ந'வுக்கும் 'ப'வுக்கும் இடையில் இருக்கிறது. கணினிக்கு அந்த எண்வரிசைதான் தெரியும். 'பதுளை'க்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் ஐந்து என்கிறது; 'து'வின் உகரத்தையும் 'ளை'யின் ஐகாரத்தையும் தனித்தனியே எண்ணிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நிரல்தொகுதிகள் உண்டு. நான் எடுத்தது அதைவிடச் சிறிய வேறொன்று. கனகம்மா சரியான இடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் ஜெயராணி, ஸ்டெல்லா, ஹேமலதா மூவரும் கண்டபடி சிதறிக் கிடந்தார்கள். உள்ளே திறந்து பார்த்தேன். வரிசை அட்டவணையில் பதினெட்டு மெய்கள் மட்டுமே இருந்தன. கிரந்த எழுத்துகள் இல்லை. எழுதியவர் நல்ல தமிழ்ச் சொற்களைக் கொடுத்துச் சோதித்திருப்பார். எங்கள் லயத்துப் பெயர்கள் அவர் கைக்குக் கிடைத்திருக்காது.

நிரல் எழுதிக் கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளி நின்றேன். என்னிடம் இருந்தது ஒரு பெயர்ப்பட்டியல். அவர்களிடம் இல்லாதது அதுதான்.

ஜூன் 5, புதன்

லயத்துக்குள் சிக்னல் இல்லை. தேயிலைக்கு மேலே உள்ள பாறையில்தான் கிடைக்கும். 2021இல் போஹிட்டியாவ பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காடு கடந்து மலையேறினார்களே, அதே பதுளை மாவட்டம்தான் இது. இந்த ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது கிட். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி அது; லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் வேலைக்காக எழுதியது. நிரலை ஒருமுறை இறக்கிவிட்டால் அதன் முழு வரலாறும் நம் கணினிக்கு வந்துவிடும். திருத்தலாம், கமிட் செய்யலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம். எதற்கும் இணையம் வேண்டாம். இறக்கவும் அனுப்பவும் மட்டும் பாறைக்குப் போனால் போதும். டேட்டா குறைவாக இருந்தால், கடைசி நிலையை மட்டும் எடுக்கும் ஷாலோ குளோன் போதுமானது.

மூன்று நாளாக ஒரு வரியும் எழுதவில்லை. அந்தச் சிறிய தொகுதியின் ரீட்மீயையும் பங்களிப்பாளருக்கான குறிப்பையும் உரிமத்தையும் படித்தேன். எதையும் தொடுமுன் சோதனைகளை ஓட்டிப் பார்த்தேன். முதலிலேயே ஓட்டாவிட்டால், பின்னால் ஒன்று உடையும்போது உடைத்தது நானா, ஏற்கெனவே உடைந்திருந்ததா என்று தெரியாது.

ஜூன் 9, ஞாயிறு

என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பிய வேண்டுகோள், புல் ரிக்வெஸ்ட், திரும்பி வந்துவிட்டது. பிழையைத் திருத்தியதோடு நிற்காமல், பிடிக்காத மாறிப் பெயர்களையும் மாற்றியிருந்தேன். எடிட்டர் தன் பங்குக்குக் கோப்பு முழுவதும் இடைவெளிகளை மாற்றிவிட்டது. ஆறு வரித் திருத்தம் நானூறு வரியாகத் தெரிந்தது. ஒரு வேண்டுகோளில் ஒரு திருத்தம், அதற்கு ஒரு சோதனை என்று பராமரிப்பவர் எழுதியிருந்தார். வலித்தது. இரவு யோசித்தபோது அவர் பக்கம் புரிந்தது. அவரும் வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் வாசிக்கிறவர். 2020இல், கட்டற்ற நிரல்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்டில், டீசேர்ட்டுக்காக ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் குவித்த வேண்டுகோள்களால் பராமரிப்பவர்கள் திணறியே போனார்கள். விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அம்மா கேட்டார்: "கொழுந்து ஒரு கிலோ கொறஞ்சாலும் அரைப்பேர்தான் போடுறாங்க, அரைநாள் சம்பளம். நீ பேரே விழாத வேலைய ராத்திரி முழுக்கப் பாக்குறியே தம்பி?"

"கோயில் பாதைக்குச் சிரமதானம் போனீங்களே, பேரா போட்டாங்க?" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 14, வெள்ளி

சோதனை எழுதும்போது சஹானா நினைவு வந்தது. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, சில நாட்களிலேயே இலங்கைத் தொண்டர்கள் கூடி எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்தது. பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெயிட்டிக்கும் போனது.

எங்கள் மாவட்டத்திலேயே, 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறியது. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு குறைந்துகொண்டே வந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு பட்டியலில் ஜெயராணி எங்கே என்று தேடுகிறவருக்கு அவர் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தாக வேண்டும். ஆறு வரிதானே என்று இனிச் சொல்லமாட்டேன்.

ஜூன் 21, பொசன் போயா

காலையில் பாறைக்குப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். கிட் வரலாற்றில் அந்த ஆறு வரிக்கு நேரே என் பெயர்.

அம்மாவிடம் போனைக் காட்டினேன்.

"முழுப் பேரா, அரைப்பேரா?"

"முழுப் பேர்மா."

சோதனைக் கோப்பையும் திறந்து காட்டினேன். கமலாதேவி, கவிதா, கனகம்மா, ஜெயராணி. மூன்றாவது பெயரில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அடுத்த லயத்து ஜெயராணி அக்காவைக் கூப்பிட எழுந்து போனார்.