கிட்டப் பிடித்தே படிக்கட்டும்

புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிக்கும் பிள்ளையைக் கண்டால் நம் வீடுகளில் உடனே எழும் குரல்: "தள்ளி வை, இருக்கிற பார்வையும் போயிடும்." குறைபார்வை உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராக இருக்கும் நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்த ஒரு பேச்சோடுதான். பார்ப்பதால் கண் தேயாது. 40 செ.மீ. தள்ளியிருக்கும் எழுத்தை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் அதன் உருவம் நான்கு மடங்காகிறது. காசில்லாமல் கிடைக்கும் உருப்பெருக்கம் அது. அவ்வளவு கிட்டத்திலும் குவிக்கும் வலு பெரும்பாலும் சிறுவயதுக் கண்ணுக்கு உண்டு. கழுத்து நோகாமலிருக்க ஒரு சாய்வுப் பலகை வைத்துக் கொடுத்தால் ஆயிற்று.

இந்தப் பயம் மேலை நாடுகளிலும் இருந்தது. அங்கே 'பார்வை சேமிப்பு வகுப்பு' என்றே தனி வகுப்புகள் நடந்தன. பயிற்சி கொடுத்தால், கண்ணின் அளவீடு மாறாமலே, பிள்ளைகள் பார்வையைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது என்று அமெரிக்காவின் நேட்டலி பராகா 1964இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். என் வேலை நிற்பதே அந்த அஸ்திவாரத்தில்தான்.

நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை 6/18, 3/60 என்ற பார்வைக் கூர்மை எண்களால் வரையறுக்கிறது. சான்றிதழுக்கு அது வேண்டும். வகுப்பறைக்கு அது போதாது. அல்பினிசம் உள்ள பிள்ளை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கூச்சத்தில் எதுவும் தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அதே எழுத்து தெரியும். மாலைக்கண்ணோடு பார்வை வட்டமும் சுருங்கிவரும் பிள்ளைக்கோ எழுத்தைப் பெரிதாக்கினால் தொல்லைதான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் இரண்டு எழுத்துக்கு மேல் அடங்காது.

விழித்திரையின் நடுப்பகுதி பழுதான பிள்ளைக்கு நேரே பார்த்தால் மங்கல், சாய்த்துப் பார்த்தால் தெளிவு. எந்தப் பக்கம் சாய்ப்பது? என் முகத்தைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். "பன்னிரண்டைப் பாரு. இப்ப மூணு. எப்ப என் மூக்கு தெரியுது?" "ரெண்டு மணிக்கு, மிஸ்!" அந்த இரண்டு மணிதான் இனி அவள் படிக்கும் கோணம். அடுத்து வகுப்பாசிரியரிடம் போய், 'என் முகத்தைப் பார்த்துப் பேசு' என்று அவளை அதட்ட வேண்டாம் எனச் சொல்ல வேண்டும். அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சங்கடங்கள் உண்டு. முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்து எகர ஏகாரக் கொம்புகளை வேறுபடுத்தும் சுழி. பிறகு ரகரத்தின் வால். அது போனால் ரகரமும் துணைக்காலும் ஒன்றே. கதைப் பாடத்தில் பிள்ளை இதையெல்லாம் ஊகித்து நிரப்பிவிடும், நமக்கும் சரளமாகப் படிப்பதாகவே தோன்றும். அறிவியல் பாடத்தில் முன்பின் கேட்டிராத சொல் வரும்போதுதான் ஊகம் கைவிடும். அதனால் பாடம் தொடங்குமுன் புதுச் சொற்களைத் தடித்த கறுப்பு மார்க்கரில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, புள்ளியைச் சற்றே பெரிதாக வைத்து எழுதிக் காட்டிவிடுவேன். படிக்கும்போது வரி தவறாமலிருக்க, ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவே வெட்டிய கறுப்பு அட்டையைப் பக்கத்தின் மேல் வைக்கலாம்.

கரும்பலகையைப் படிக்கக் கைத்தொலைநோக்கியைக் கொடுத்தவுடனே பிள்ளைகள் அதைக் கண்ணில் வைத்துச் சுழற்றித் தேடுவார்கள், எதுவும் அகப்படாது. முதலில் வெறுங்கண்ணால் கரும்பலகையின் இடது ஓரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பார்வையை அங்கிருந்து நகர்த்தாமல் கருவியை உயர்த்த வேண்டும். வரியின் மீது மெல்ல வலப்பக்கம் போய், முடிந்ததும் வந்த வரியிலேயே இடப்பக்கம் திரும்பி, அதன்பிறகே கீழே இறங்க வேண்டும். திரும்பாமல் குறுக்கே இறங்கினால் வரி தப்பும். தாயம் ஆடும் பிள்ளைகளுக்குக் கட்டம் பிசகாமல் காய் நகர்த்துவது பழக்கம் என்பதால் இது சீக்கிரம் பிடிபடுகிறது.

கண்ணை விட்டுவிட வேண்டிய வேளையையும் இதே அக்கறையோடு சொல்லித்தருகிறேன். லென்ஸ் வைத்து ஒரு பக்கம் படிப்பதற்குள் தலைவலி வந்துவிடும் பிள்ளையிடம் வரலாற்றுப் பாடம் முழுவதையும் கண்ணால் படி என்பது கொடுமை. பார்வை மேலும் குறையக்கூடிய பிள்ளைக்குப் பிரெயிலும் இப்போதே வேண்டும். "அதான் கொஞ்சம் தெரியுதே, டீச்சர்" என்று பெற்றோர் மறுத்தாலும் விடாமல் கேட்கிறேன். கணக்குக்கும் வரைபடத்துக்கும் லென்ஸ், நீண்ட பாடங்களுக்கு ஒலிப்பதிவு என்று என் மாணவி ஒருத்தி தானே பிரித்து வைத்திருக்கிறாள். அவளுடைய கால அட்டவணையைத்தான் இப்போது மற்ற பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன்.