அளவான காற்று

காற்று விலைகொடாமற் கிடைப்பது. ஆதலின் அதனை அளந்து பெறல் வேண்டும் என்னும் எண்ணம் மக்கட்கு எளிதில் எழுவதில்லை. பாலையும் எண்ணெயையும் பெட்ரோலையும் துளியும் குறையாது அளந்து வாங்குவோர், தம் காரின் டயருள் எவ்வளவு காற்று அடைக்கப்பெற்றது என வினவாதே செல்கின்றனர். ஆயினும், ஒரு சிறு காரும் அதனுள் அமர்ந்த ஐவரும் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். அவ்விடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவினதே. அந்நான்கு உள்ளங்கைகளும் சாலையைச் செவ்வனே பற்றுவதும் பற்றாததும் பெரிதும் உள்ளிருக்கும் காற்றின் அளவைப் பொறுத்தனவாம். அவ்வளவைத் தேரும் முறைபற்றி ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் பாட்டியார்க்கு இடுப்பெலும்பில் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. அது தேறியபின் மதுரையினின்றும் பாளையங்கோட்டையிலுள்ள இல்லத்திற்கு அவர்களை எம் மாமாவின் சிறு காரில் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. வழியோ 150 கிலோமீட்டருக்கு மேற்பட்டது, செல்வோர் ஐவர், மூட்டைகளும் பல, வெயிலோ கடுமை. புறப்படுவதற்கு முதல்நாள் காற்றின் அளவு குறித்து மூவகைக் கருத்துகள் எழுந்தன. “காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடு தம்பி; அம்மாவுக்குக் குலுக்கம் தெரியாமல் இருக்கும்” என்றனர் எம் அன்னையார். “நாற்பது வைத்துவிடுகிறேன் ஐயா; வண்டி இலேசாக ஓடும், பெட்ரோலும் மிச்சம்” என்றார் பஞ்சர் கடைக்காரர். மாமாவோ டயரின் பக்கத்தே பொறிக்கப்பட்டிருந்த 44 என்னும் எண்ணைக் காட்டி, “இதற்குள் எவ்வளவு இருந்தாலும் குற்றமில்லை” என்றார். மூன்றும் நல்லெண்ணத்தின் பாற்பட்டனவே. ஆயினும் நல்லெண்ணம் மட்டும் அளவாகிவிடாது.

குலுக்கத்தைக் குறைத்தற்கே காற்று டயர் பிறந்தது என்பது மெய். பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப், தம் மைந்தனின் மூன்றுசக்கர வண்டி குலுங்காது ஓடுதற்பொருட்டே அதனைச் செய்து, 1888 இல் காப்புரிமை பெற்றார். எனினும் காற்று உரிய அளவிற் குறையின், டயரின் பக்கங்கள் சுழற்சிதோறும் மிகுதியாய் வளைந்து நிமிரும். அதனால் வெப்பம் பிறக்கும். சுமையும் விரைவும் கோடை வெயிலும் அதனோடு சேரின் டயர் வெடித்தலும் கூடும். ஓரங்கள் விரைந்து தேய்தலும், பெட்ரோல் மிகச் செலவாதலும் பிற தீங்குகளாம். இனி, காற்று அளவு மிகின், டயரின் நடுப்பகுதியே சாலையை மிகுதியாய்த் தொடும், அந்நடுவே தேயும், பற்றும் ஆற்றல் குன்றும், சிறு பள்ளமும் பெருங்குலுக்கம் தரும். 44 என்பதோ அந்த டயர்க்கு உரிய மேலெல்லை. அக்காருக்கு உரிய அளவு அன்று. ஒரே வகை டயர் வெவ்வேறு எடையுள்ள பல கார்களிற் பூட்டப்படும் அன்றோ?

அற்றேல், உரிய அளவை எங்ஙனம் அறிவது? காரைச் செய்தோரே அதனைக் கணித்து, பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தவிடத்தே சிறு சீட்டில் அச்சிட்டு ஒட்டியுள்ளனர். யாம் கதவைத் திறந்து மாமாவுக்கு அதனைக் காட்டினோம். சிலரே செல்லுங்கால் நான்கு சக்கரங்கட்கும் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு. நிறைந்த சுமைக்கு முன்சக்கரங்கட்கு 32, பின்சக்கரங்கட்கு 36 என்று அதிற் கண்டிருந்தது. இவ்வெண்கள் காருக்குக் கார் வேறுபடும். கார் மூன்று மணி நேரமேனும் ஓடாது நின்று, டயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். என்னை? வெப்பம் பத்துப் பாகை செல்சியசு ஏறின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு ஏறும். ஓடிச் சூடேறிய டயரில் எண் மிகுந்துளதெனக் காற்றை இறக்குவோர், அது குளிர்ந்தபின் குறையுடைய டயரோடு நிற்பர்.

முன்னும் பின்னும் அளவு வேறுபடுதல் வீண் நுணுக்கம் அன்று. 1959 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த ஷெவ்ரலே கார்வேர் என்னும் சிறு காருக்குப் பொறி பின்புறத்தே இருந்தது. பின்பாரம் மிகுந்த கார் வளைவிற் பின்புறம் சறுக்காதிருத்தற்பொருட்டு, முன்னே 15 பவுண்டும் பின்னே 26 பவுண்டும் வைக்குமாறு செய்தோர் விதித்தனர். இத்துணை வேறுபாட்டைப் பொதுமக்கள் பேணுவர் என நம்பியிருத்தல் தகாது என 1965 இல் ரால்ப் நேடர் கண்டித்தெழுதினார். அக்கார் அக்காலத்துப் பிற கார்களினும் கேடுடையது அன்று என 1972 இல் வெளியான அரசாங்க ஆய்வு முடிவு கூறிற்று. எங்ஙனமாயினும், காற்றின் அளவும் காரின் அமைப்பின் ஓர் உறுப்பே என்பது இதனாற் புலனாம்.

மறுநாள் வைகறையில், கார் ஓடாது குளிர்ந்திருந்தபோதே, முன் 32, பின் 36 என மாமா காற்றை அமைத்தார். பாட்டியார்க்கு வேண்டிய மென்மையை இரு தலையணைகளும் மாமாவின் மெதுவான ஓட்டமும் அளித்தன. “சாத்தூர் வந்ததே தெரியவில்லை” என்றனர் அவர்கள். மூட்டைகளை இறக்கி ஓய்ந்தபின், அடுத்தநாட் காலையில் மாமா தாமே பழைய அளவிற்குக் காற்றை மாற்றினார்.

ஆதலின் தோழர்காள்! திங்கள் ஒருமுறையேனும், நெடும்பயணத்தின் முன்னர் தவறாதும் அளந்து பாருங்கள், ஸ்டெப்னியையும் மறவாதீர். அன்பிற்குரியோரை ஏற்றிச் செல்லுங்கால், அவர்தம் பாரம் இவ்வளவென முன்னரே எண்ணி அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுதலும் அன்பின் செயலேயாம்.