முந்திரிக் கணக்கு

கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பெரும்பாலான நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று சொல்லும். எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் முதல் வருடத்தில் ஒரு சீனியர் இதைக் காட்டிச் சிரிப்பார். பிறகு அறிவுரை வரும்: பணத்தை ஒருபோதும் தசமத்தில் வைக்காதே. ரூபாயை மறந்துவிடு, எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வை. காட்டும்போது மட்டும் நூறால் வகுத்துக்கொள்.

பத்து வருடமாக நானும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதே அறிவுரை தஞ்சாவூரில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் இருந்தது என்பது, பாபநாசம் பக்கம் எங்கள் தாத்தாவின் நிலத்துக்காக ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

வார இறுதியில் எழுதும் நிரல்களில் முக்கால்வாசி பாதியிலேயே செத்துப்போகும். என் மடிக்கணினியில் அப்படி ஒரு மயானமே உண்டு. செலவுக் கணக்கு எழுத ஒன்று, மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் எடுத்துவைக்க ஒன்று. இது மட்டும் பிழைத்ததற்குக் காரணம், இதை உபயோகிக்க ஆள் இருந்தது.

டெல்டாவில் யாரும் நிலத்தை ஹெக்டேரில் பேசுவதில்லை. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மூணு மா ஒரு ஏக்கர் என்பது வாய்க்கணக்கு. உண்மையில் ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட்டுக்கு ஒரு துளி மேல். மூணு மா சேர்ந்தாலும் ஏக்கருக்கு முக்கால் சென்ட்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். தாத்தாவின் கிரயப் பத்திரம் மா, குழியில் பேசுகிறது. சிட்டா ஹெக்டேர், ஏரில் பேசுகிறது. விளைச்சலைக் கேட்டால் சித்தப்பா "மாவுக்குப் பத்து மூட்டை" என்பார், அது அறுபது கிலோ மூட்டை. கொள்முதல் நிலையத்தில் பிடிப்பதோ நாற்பது கிலோ சிப்பம். ஒரே வயலுக்கு இத்தனை பாஷை. இவற்றுக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன், அவ்வளவுதான் என் நிரல்.

உள்ளே எந்த அலகில் கணக்கு வைப்பது என்று யோசித்தபோதுதான் முந்திரியில் போய் நின்றேன். கொட்டை இல்லை, 320-ல் ஒரு பங்கு. பழைய தமிழ்க் கணக்கில் காணி என்பது 80-ல் ஒன்று. மா என்பது நில அளவு மட்டுமல்ல, 20-ல் ஒன்று என்ற பின்னமும்கூட. எல்லாம் முந்திரியின் மடங்குகள். போதவில்லையென்றால் முந்திரியை மறுபடி 320-ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. ரூபாயைப் பைசாவாக்குகிற அதே தந்திரம்தான். எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றிவிட்டால் முழு எண்ணில் கூட்டிக் கழிக்கலாம், வால் முளைக்காது.

ராஜராஜன் காலத்து நில அளவையைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு வேலியில் 52,428,800,000-ல் ஒரு பங்கு வரை கணக்கிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன். இன்றைய வேலிக்கு அது அரை சதுர மில்லிமீட்டர் வருகிறது. எந்தக் கோலை வைத்து அதை அளக்க முடியும்? அது அளந்து வந்த எண் இல்லை, வகுத்து வந்த எண். நம் ஆட்கள் சர்வர் பதில் தரும் நேரத்தை ஒன்பது தசம இடத்துக்குப் போட்டு அறிக்கை அனுப்புவதைப் பார்த்திருப்பதால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் வகுத்ததில் மிஞ்சியதை விட்டுவிடாமல் எழுதி வைத்தான் பாருங்கள் அந்தக் கணக்கன், அவன் என் ஜாதி.

குழி, வேலி, நன்செய், புன்செய்க்கான பழைய குறியீடுகள் 2019-ல் யூனிகோடில் ஏறிவிட்டன. ஆசையாக நிரலில் சேர்த்தேன். சித்தப்பாவின் போனில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. "என்னப்பா இது, பாத்தி கட்டி வச்சிருக்க?" என்றார். எழுத்தாகவே போட்டுவிட்டேன்.

நிலம் மொத்தம் 7 மா 40 குழி. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை. பாட்டியும் இல்லை. பங்குதாரர் எத்தனை பேர் என்று நிரல் கேட்கும்.

"ரெண்டு போடு" என்றார் சித்தப்பா. அப்பா எதுவும் சொல்லவில்லை. பாகப்பிரிவினைக்கு முன் அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அத்தையிடம் கேட்காமலேயே. 1956 சட்டப்படியே இந்த மாதிரிச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு. அது எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ரெண்டு போட்டால் ஆளுக்கு 3 மா 70 குழி. சுத்தமாக வரும்.

அத்தை திண்ணையில் வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "தம்பி, மூணுன்னு போட்டா எவ்வளவுடா வருது?" என்றாள்.

2 மா 46 குழி, அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு குழி. இங்கே என் முந்திரி கைவிட்டது. 320-ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். இரண்டையும் ஐந்தையும் பெருக்கிக் கட்டிய கணக்கு அது. அரை உண்டு, கால் உண்டு, அரைக்கால் உண்டு, மூன்றில் ஒன்றைத் துல்லியமாகச் சொல்ல வழி கிடையாது. ஆளுக்கு 246 குழி 213 முந்திரி என்று கொடுத்தால், மொத்தத்தில் ஒரு முந்திரி மிஞ்சும். ஒரு டிபன் தட்டு வைக்கிற இடம்.

மிச்சத்தைப் பட்டியலில் கடைசியாக இருப்பவர் கணக்கில் சேர்த்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவோம். சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலில், மூவரில் மூத்தவளான அத்தை கடைசியில் இருந்தாள். நான் வயதுப்படி வரிசையை மாற்றினேன். தட்டு சித்தப்பாவுக்குப் போனது. அவர் கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மூணு என்ற எண்ணை.

"அக்கா, ஒனக்கு எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"வேணும்னா சொன்னேன்? எவ்வளவுன்னு கேட்டேன்."

நிரல் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வதில் இதுவும் ஒன்று: முக்கியமான எண்ணுக்கு இயல்புமதிப்பு வைக்காதே. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அதுவே ஓடும், பிறகு அதுவே முடிவு என்றாகிவிடும். என் நிரலில் பங்குதாரர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. யாராவது ஓர் எண்ணைத் தட்டினால்தான் அடுத்த வரிக்கு நகரும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. பத்திரத்தின் 7 மா 40 குழி, மாற்றினால் 99 ஏர். சிட்டாவில் 97.50 இருக்கிறது. பதினோரு குழியைக் காணோம். வாய்க்கால் தின்றிருக்கும் என்றார் சித்தப்பா. பக்கத்து வரப்பு நகர்ந்திருக்கும் என்றார் அப்பா. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். திரையில் எதைத் தட்டினாலும் அது வராது, சங்கிலி பிடித்து அளக்கவேண்டும். சம்பா அறுப்பு முடிந்ததும் சர்வேயரைக் கூப்பிடுவதாக ஏற்பாடு.

அத்தை இரண்டு கணக்கையும் அச்சடித்துக் கேட்டாள். பாபநாசத்தில் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் நாலாக மடித்து சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் ஏறும்போது, "சர்வேயர் வர்ற அன்னிக்கு எனக்கும் ஒரு போன் போடு, அப்பன்கிட்ட சொல்லணும்னு இல்ல" என்றாள்.