பாய்க்கயிறு கையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

“சீசன் காத்து இங்க ஆளையே தள்ளுது. அங்க நீங்க மடிச்சு வைக்கிற படகுல பாய் கட்டிப் போறீங்களே, கவுந்துடாதா மாமா?” என்று கேட்டிருந்தாய். கவிழும். கவிழாமல் ஓட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் படகு பிறந்ததே நான் இருக்கும் பவேரியாவில்தான். ஆல்ஃபிரெட் ஹாய்ரிச் என்ற கட்டடக்கலை மாணவர் 1905இல் மூங்கில் சட்டத்தின்மேல் துணி போர்த்தி ஒரு படகு செய்து, ஈசார் ஆற்றில் மியூனிக் வரை வந்தார். ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர் 1907இல் அதன் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். இன்றைக்கு மரச்சட்டமும் ரப்பர் பூசிய துணியுமாக வருகிறது. பிரித்துப் பைகளில் அடைத்து ரயிலில் கொண்டுபோகலாம். இரண்டு பேர் உட்காரும் படகு ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், ஒரு மீட்டருக்கும் குறைவான அகலம். பாய் கட்டினால் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கும் பலகைகள் உண்டு. அவை படகு பக்கவாட்டில் நழுவிப் போகாமல் பிடித்துக்கொள்ளும். சுக்கானைக் காலால் திருப்ப வேண்டும். அதனால் கை இரண்டும் பாய்க்கும் துடுப்புக்கும் மிஞ்சும்.

இவ்வளவு ஒடுங்கிய படகில் ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கினார். துடுப்பும் சின்னப் பாயுமாக நம் இந்தியக் கரையையும் இலங்கையையும் கடந்து, 1939இல் ஆஸ்திரேலியாவின் வட எல்லைத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். ஹன்னெஸ் லிண்டெமன் என்ற மருத்துவர் 1956இல் கேனரித் தீவுகளிலிருந்து 72 நாளில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். கடைசிக் கட்டத்தில் படகு கவிழ்ந்து, இருட்டில் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு விடியும்வரை கிடந்தார். துணிப்படகு கடலைத் தாங்கும் என்பதையும், பாய் பிடித்தவன் ஒருபோதும் அசரக்கூடாது என்பதையும் அந்த ஒரே பயணம் காட்டிவிட்டது.

சீரான காற்று சற்றுப் பலமாக இருந்தாலும் சமாளிக்கலாம். விட்டுவிட்டு ஓங்கி அடிக்கும் காற்றுதான் ஆளைக் கவிழ்க்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். மலையடிவார ஊர்க்காரனான உனக்கு விட்டுவிட்டு அடிக்கும் காற்றை விளக்க வேண்டியதில்லை. மேற்குத்தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து வழிவிடுகிறது. கேரளத்திலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வந்து, வேகம் பிடித்துச் செங்கோட்டை, தென்காசி மேல் பாய்கிறது. தென்காசிப் பெரிய கோயில் ராஜகோபுர வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது அந்தக் காற்றுதான். சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். மலைமுகடுகளில் மோதிச் சுழன்று வருவதால் அது ஒரே சீராக வராது. ஓங்கும், அடங்கும், மறுபடி ஓங்கும். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் நான் படகு விடும் கீம்சே ஏரியிலும் இதே குணம்தான். தெற்கே மலையைத் தாண்டி இறங்கும் ஃபோன் காற்று, கோடையில் மேற்கிலிருந்து வரும் இடிமழைக் காற்று இரண்டும் திடீரென்று வந்து விழும்.

திடீரென்று என்று சொல்கிறோமே தவிர, அது வருவது முன்கூட்டியே தெரியும். காற்று வரும் திசையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிறிக் கிடக்கும் நீர்ப்பரப்பில் ஓரிடம் மட்டும் கறுத்து, பொடிப்பொடியாகச் சிலிர்த்துக்கொண்டு நம்மை நோக்கி நகரும். அது வந்து தொடுவதற்குள் உடம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்து, பாய்க்கயிற்றைச் சற்று விட வேண்டும். பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், விசை கழன்றுவிடும். படகு நிமிர்ந்ததும் மெதுவாக இழுத்துக்கொள்ளலாம். கயிற்றை எங்கேயும் முடிச்சுப் போட்டுக் கட்டிவைக்கக்கூடாது. காற்றோடு பலப்பரீட்சை நடத்தி எந்தத் தோளும் ஜெயித்ததில்லை. கரையில் நிற்கும்போதே பாயைச் சுருக்கிக் கட்டிக்கொள்வதும், உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொள்வதும், காற்று மிஞ்சினால் பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு போடுவதும் கோழைத்தனம் இல்லை.

நம்முடைய கடலோடிகளுக்கு இது புதிதல்ல. பாக் நீரிணையின் வள்ளங்களில் குறுக்கே ஒரு நீண்ட பலகை இருக்கும். காற்று ஓங்கும்போது ஆட்கள் காற்றுப் பக்கம் நீட்டிய அதன் நுனியில் ஏறி உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இலங்கையில் ‘ஒருவ’ என்று அழைக்கப்படும், பக்கக்கட்டை வைத்த படகுகளில், கட்டைமேல் எத்தனை பேர் ஏற வேண்டியிருக்கிறதோ அதை வைத்தே ‘ஒருவர் காற்று’, ‘இருவர் காற்று’ என்று பலத்தைச் சொன்னார்கள். லிண்டெமனும் கார் டயரின் உள்குழாயைப் பாதியாக வெட்டி, துடுப்பில் கட்டிப் பக்கமிதவை ஆக்கிக்கொண்டார்.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் காற்றுக்கு இங்கே அரசாங்கம் கண் வைத்திருக்கிறது. கீம்சே கரையைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் உண்டு. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும், கவனம். 90 முறை மின்னினால் புயற்காற்று, உடனே கரையேறு. மொழி தெரியாதவனுக்கும் அது புரியும்.

குற்றாலத்தை நினைக்கும்போது என் மனசு இந்த விளக்கில்தான் வந்து நிற்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. மேலே மலையில் மழை கொட்டியது கீழே குளித்தவர்களுக்குத் தெரியவில்லை. வெள்ளமானாலும் காற்றானாலும் மலை அனுப்புவது வந்து சேர்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிர். அருவிக்கரைகளிலும், ஐந்தருவிச் சாலையில் படகு விடும் வெண்ணமடைக் குளத்திலும் தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விளக்கும் சங்கும் வேண்டும். அதைவிட முக்கியம், நம் பிள்ளைகளுக்குத் தண்ணீரையும் காற்றையும் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. ஒரு குளத்தின் மேற்குக் கரையில் மரத்தடியில் நின்றால் தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கும். நடுவே போனால்தான் காற்று பிடித்துக் கிழக்கே தள்ளும் என்பது பத்து வயதிலேயே தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

நீ பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாய். ஒரு ஆனி மாத மாலையில் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போ. படகு வேண்டாம். அடுத்த வீச்சு எந்த இடத்தில் கறுக்கிறது, கரைக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணச் சொல். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் பிறகு தைரியமாகப் பாய்க்கயிற்றைக் கொடுக்கலாம்.

பிரியமுடன்,
உன் மாமா