மழை பெய்தால் எங்களுக்குத் தூக்கம் வராது

ஹொஸ்டல் தகரத்தில் மழை விழத் தொடங்கினால் எங்கள் பெச் பிள்ளைகளுக்குக் குஷி. "சுப்பர் கிளைமேட்" என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் எழுந்து உட்கார்ந்திருப்போம். ஒருத்தி பசறைப் பக்கம், ஒருத்தி ஹாலிஎல, ஒருத்தி அப்புத்தளைக்குக் கீழே. மூவரும் லயத்தில் பிறந்தவர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு முதலில் வீட்டு லைன் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

"என்னடி, மழைக்கா இப்படிப் பயப்படுறீங்க?" என்று கேட்பார்கள். சிரித்து வைப்போம். அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறோம்.

2014 ஒக்டோபர் 29. நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள், தரம் ஐந்திலும் ஆறிலும் இருந்தோம். கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. அன்று காலையில் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. செத்தவங்க கணக்கை விட அதுதான் எங்கள் மண்டையில் நின்றது. ஏனென்றால் அன்று காலையில் நாங்களும் அம்மாவுக்கு டாட்டா சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள்தான்.

நாங்கள் கலைப்பீடம். மூளை, நரம்பு எல்லாம் மெடிக்கல்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் இருந்தோம். உளவியல் பாடத்துக்காக வாசிக்கப்போன இடத்தில் எங்கள் மழை அகப்பட்டது.

மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. பயத்தின் இடம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் விஷயம் அவ்வளவோடு முடியவில்லை. 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டியில் கே டை என்பவரின் குழு, ஒரு சத்தத்தைச் சில சுண்டெலிகளுக்குச் சீனித் தண்ணீரோடும், வேறு சிலவற்றுக்குக் காலில் ஷொக்கோடும் பழக்கியது. அமிக்டலாவின் ஒரே பகுதியில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கிற நரம்பணுக்களில், ஆசையைத் தூண்டும் இடத்துக்குப் போகிற இணைப்புகள் சீனித் தண்ணீர் கிடைத்த எலிகளில் பலப்பட்டன. பயத்தைக் கிளப்பும் இடத்துக்குப் போகிற இணைப்புகள் ஷொக் வாங்கிய எலிகளில் பலப்பட்டன. சத்தத்துக்குத் தனியாக நல்லது கெட்டது கிடையாது. அதோடு என்ன வந்தது என்பதுதான் கணக்கு. எங்கள் ரூம்மேட்டுக்கு மழையோடு சூடான பிளேன்டீ வந்தது. எங்களுக்கு மீரியபெத்தை வந்தது.

இன்னொன்றும் வாசித்தோம். பயந்தது நடக்காமல் போனால் மூளை அதை ஒரு பரிசு போலவே எடுத்துக்கொள்கிறது. எதிர்பார்த்த அடி விழாதபோது, இனிப்பு கிடைக்கும்போது வேலை செய்கிற டோபமின் அணுக்களே துடிக்கின்றன. "அப்பாடா" என்கிறோமே, அது. அடி இல்லாத அனுபவம் திரும்பத் திரும்ப வந்தால் பயம் அடங்கும். அடங்குகிறதே தவிர அழிவதில்லை. பழைய பயத்துக்கு மேலே "ஒன்னும் ஆகாது" என்ற புதுப் பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருஷம் மழை வந்தது, மலை நின்றது. ஒவ்வொரு மழை முடிவிலும் ஒரு "அப்பாடா". மூளை பாடம் படித்துக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பாடம் தெரியாது.

"சொல்லியும் போகல, படிப்பறிவில்லாத சனம்" என்று அப்போது பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டம் மறுபடியும் சரிந்தபோது அதே பேச்சைக் கேட்டோம். அதற்கு எங்களிடம் ஒரு எலிக் கதை இருக்கிறது. லண்டனில் தியாகோ பிராங்கோவின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. சுண்டெலியின் தலைக்கு மேலே பருந்து இறங்குவது மாதிரி ஒரு கறுப்பு வட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். ஒளிய ஒரு கூடு இருந்தால் எலி நேரே அதற்குள் ஓடுகிறது. கூட்டை எடுத்துவிட்டால் அதே எலி ஓடாமல் அப்படியே உறைந்து நிற்கிறது. பயம் குறையவில்லை. போக இடமில்லை.

இதை வாசித்த அன்று நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்களில் ஒருத்தியின் லயத்துக்கும் ஒருமுறை சிவப்பு எச்சரிக்கை வந்தது. எல்லோரும் பாய் தலையணையோடு பாடசாலை மண்டபத்துக்குப் போனார்கள். அம்மா மட்டும் விடிய முன்னமே திரும்பி வந்துவிட்டார். போனில் சண்டை போட்டாள் இவள்.

"ஏம்மா போனீங்க? மலை இறங்குனா என்ன செய்றது?"

"பெரட்டுக்கு நிக்காட்டி பேரு விழாது பாப்பா. கொழுந்து கொறஞ்சாலே அரப் பேரு தான். நீ பீஸ் கேட்டியே?"

மலை விழலாம், விழாமலும் போகலாம். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் நிச்சயமாக இல்லை. ஆபத்தையும் பலனையும் ஒரே தராசில் வைக்கிற மூளைதான் எல்லோருக்கும். ஆனால் எங்கள் அம்மாமாரின் தராசில் என்னென்ன வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை. அன்றைக்கு அதில் எங்கள் பீஸும் இருந்தது.

மீரியபெத்தையில் மிஞ்சியவர்கள் மாக்கல்தெனியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்கவைக்கப்பட்டார்கள். புது வீட்டுக்குப் போக 2016 ஆனது. மற்றத் தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணி, தனி வீடு என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறோம். அப்பாயி அதைக் கேட்டுக் கேட்டு இப்போது காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அவரைக் குறை சொல்ல எங்களால் முடியாது.

இப்போதும் மழை பெய்தால் விழித்திருக்கிறோம். ஒரு மாற்றம், "கவனமா இருங்க" என்று சொல்வதை விட்டுவிட்டோம். "இன்னைக்கு ராத்திரி எங்க போறீங்க? யார் கூட? காலையில பெரட்டு இருக்கா?" என்று கேட்கிறோம். கேட்டு எழுதி வைக்கிறோம். மூன்று லயங்களில் ஒன்றுக்குத்தான் போக ஒரு இடம் இருக்கிறது. மற்ற இரண்டுக்கு நேராக இன்னும் ஒன்றும் எழுதவில்லை.