பின்சக்கரம் வழுக்கினால்...



விளையாட்டு லொறியைப் பற்றி ஒரு தாய் என்ன எழுதப்போகிறாள் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால், இது உங்களுக்கும் உரியதுதான்.

நாங்கள் மாத்தளை மாவட்டத்து லக்கலயில் வசிக்கிறோம். 2018இல் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபோது பழைய நகரம் நீருக்குள் போனது. எங்கள் சிறு கடையும் மற்றக் கடைகளோடு புதிய நகரத்துக்கு வந்தது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். சென்ற விடுமுறையில் மகனுக்கு ரிமோட்டில் ஓடும் பந்தய லொறி ஒன்று கொண்டுவந்தார். நிஜ லொறியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பின்சக்கரங்கள்தான் அதை ஓட்டுகின்றன.

அப்போது மகனுக்குப் பரீட்சைப் பெறுபேறு சரியில்லை. நான் வாய் திறந்தாலே புத்திமதி. அவன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே வருவது லொறியோடு மட்டும்தான்.

வீட்டின் பின்னால் சரளை மண் வெளி. வேகம் கொடுத்ததும் லொறியின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். அவன் பின் ஸ்பிரிங்கை இறுக்குவான். இன்னும் மோசமாகச் சுழலும். மறுபடியும் இறுக்குவான்.

"மகன், கொஞ்சம் இளக்கிப் பாருங்களே" என்றேன்.

"உம்மா, உங்களுக்கு இது விளங்காது."

எனக்கு ஒன்று விளங்கும். என் வாப்பா ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக லொறி ஓட்டியவர். பாரம் ஏற்றிய லொறி ஏறும் மேட்டில் வெறும் லொறி வழுக்கும். பாரத்துக்கென்று செய்த ஸ்பிரிங் வெறும் லொறிக்குக் கடினம்; பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். அதனால் வாப்பா பின்னால் மணல் மூட்டை போடுவார். இதைச் சொன்னதும் மகன் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அன்று பின் ஸ்பிரிங்கை இளக்கினோம். லொறியைத் தரையில் வைத்தால், பின்சக்கரங்களுக்குப் போகும் அச்சுத் தண்டுகள் ஏறக்குறைய மட்டமாக நிற்கும் அளவு. ஓட்டிப் பார்த்தோம். சுழல்வது குறைந்தது. பிறகு ஷொக் அப்சோபருக்குள் இருந்த 35ஆம் இலக்க எண்ணெயை எடுத்து 30 ஊற்றினோம். இலக்கம் குறைந்தால் எண்ணெய் இளகலாக இருக்கும். சக்கரம் குண்டும் குழியும் அறிந்து விரைவாக ஏறி இறங்கும். அடுத்த நாள் பெட்டரியைச் சற்றே பின்னுக்கு நகர்த்தினோம். வாப்பாவின் மணல் மூட்டை மாதிரித்தான். அளவுக்கு மீறி நகர்த்தியபோது முன்சக்கரம் இலேசாகி வளைவில் திரும்ப மறுத்தது. பாதித் தூரம் திருப்பி வைத்தோம். டயர் முட்களில் ஒட்டிய மண்ணை ஒவ்வொரு முறையும் தட்டினோம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. கடைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதினேன், அவன் சொன்னான்.

ஐந்தாம் நாள் லொறி சரளையில் நேராக ஓடி, வேலியோரம் வளைந்து, சுழலாமல் திரும்பி வந்தது. அன்றிரவு சோறு தின்னும்போது, நான் கேட்காமலே, "கணக்குப் பாடம்தான் உம்மா எனக்கு விளங்கல்ல" என்றான். அவ்வளவு நாளும் அதை அறியத்தான் நான் இறுக்கிக்கொண்டிருந்தேன்!

சகோதரிகளே, நானும் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் புள்ளிகளைப் பற்றிக் கேட்பதை விட்டேன். அவன் இப்போது வாரம் இரண்டு நாள் கணக்கு வகுப்புக்குப் போகிறான். கதவு முழுதாகத் திறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தாழ்ப்பாள் போடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஏதாவது வழுக்கினால், இறுக்குமுன் ஒருமுறை இளக்கிப் பாருங்கள்.