கல்லில் இல்லாத பெயர்

இசையிலே உயர்ந்தது தாழ்ந்தது என்று உண்டா? உண்டு என்போர் இருக்கின்றனர். சீமான்கள் கூடும் அரங்கில் ஒலிப்பது உயர்ந்ததாம். குடிக்கடையிலே ஒலிப்பது தாழ்ந்ததாம்! அவர்கள் கிழித்த கோட்டினை உற்று நோக்கினால், அது இசையின் மீது கிழிக்கப்பட்டதன்று, இசைத்தவனின் பிறப்பின் மீது கிழிக்கப்பட்டது என்பது விளங்கும். அமெரிக்கக் கறுப்பின இசைவாணர் ஸ்காட் ஜாப்ளினின் வாழ்வு இதற்குச் சான்று. அவரை நமக்கு அறிமுகம் செய்துவைத்தது ஏடன்று, இசையரங்கமன்று, ஒரு திரைப்படம்.

1973இல் வெளிவந்த 'தி ஸ்டிங்' என்னும் ஆங்கிலப் படம். பால் நியூமனும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் எத்தர்களாகத் தோன்றி, கொடியவன் ஒருவனை ஏய்க்கும் கதை. சிறந்த படம் என்னும் சிறப்பு உட்பட ஏழு ஆஸ்கர் பரிசுகள் பெற்றது. கதையின் சூழ்ச்சி நம்மைக் கவர்ந்தது. எனினும், படம் முடிந்த பின்னும் நம் செவியை விட்டு அகல மறுத்தது அதன் பியானோ இசையே. இடக்கை படைவீரன் நடைபோலச் சீராகத் தாளமிடுகிறது. வலக்கையோ அந்தத் தாளத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமாகத் துள்ளி விளையாடுகிறது. களிப்பூட்டும் மெட்டுத்தான், ஆனால் அதன் அடியிலே ஓர் ஏக்கம் இழையோடுகிறது.

யாருடைய இசை இது? தேடினோம். படத்தின் இசைக்காக ஆஸ்கர் பரிசு பெற்றவர் மார்வின் ஹாம்லிஷ். பழைய மெட்டுகளைப் படத்துக்கு ஏற்பத் தொகுத்தமைத்தவர் அவர். நம் செவியைப் பிணித்த மெட்டுகளைப் படைத்தவரோ, 1917இலேயே மறைந்துவிட்ட ஸ்காட் ஜாப்ளின்! 'தி எண்டர்டெய்னர்' என்னும் அவருடைய மெட்டு 1902இல் வெளிவந்தது. படத்தின் வழியே 1974இல் அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. நாடே அதை முணுமுணுத்தது. படைத்தவரோ, நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதி இடுகாட்டிலே, பெயர் பொறித்த கல்லொன்றும் இன்றி 57 ஆண்டுகள் கிடந்தார். அந்த 1974இல்தான் அங்கே அவர் பெயர் தாங்கிய அடையாளம் வைக்கப்பட்டது!

யார் இந்த ஜாப்ளின்? தந்தை, அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். தாய், வெள்ளையர் இல்லங்களில் வேலை செய்தவர். 1868ஆம் ஆண்டை ஒட்டி டெக்சாஸ் மாநிலத்திலே பிறந்த அந்தச் சிறுவனின் திறமை கண்டு, ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூத ஆசிரியர் ஜூலியஸ் வைஸ் என்பார், காசு பெறாது இசை கற்பித்தார். பிறப்பு பாராத அந்த ஆசிரியரின் உள்ளம் வாழ்க!

வளர்ந்தவர், செடாலியா என்னும் ஊரின் கேளிக்கைக் கூடங்களிலே பியானோ வாசித்தார். 'ராக்டைம்' என்று பெயர் பெற்ற அந்த இசையைக் கீழ்மக்கள் கூத்து என்று எள்ளினர் மேட்டிமைக்காரர்கள். எள்ளியவர்கள் வீட்டுப் பெண்களும் அதன் இசைத்தாளை வாங்கிப் பியானோவில் வாசித்தனர் என்பது தனி வேடிக்கை! 1899இல் வெளிவந்த 'மேப்பிள் லீஃப் ராக்' அவருக்குப் புகழ் தந்தது. விற்கும் படி ஒன்றுக்கு ஒரு செண்டு அவர் பங்கு. நாட்டை ஆடவைத்தவனுக்கு ஒரு செண்டு!

தோழர்களே, இதுவரை சொன்னது பாதிக் கதையே. மறுபாதியை அறிந்தபோதுதான் நாம் வியப்பில் ஆழ்ந்தோம். துள்ளல் மெட்டுகளோடு நின்றவரல்லர் ஜாப்ளின். 'ட்ரீமோனிஷா' என்னும் இசை நாடகத்தையும் இயற்றினார்; கதையும் உரையாடலும் இசையும் அனைத்தும் அவருடையவை.

அடிமைத்தளை அறுந்து இருபது ஆண்டும் நிரம்பாத 1884. ஆர்கன்சாஸ் மாநிலத்துத் தோட்டம் ஒன்று. அங்கே கறுப்பின மக்கள் அறியாமையிலே உழல்கின்றனர். மந்திரவாதிகள் நல்வாய்ப்புத் தரும் பைகளை, நம் மொழியில் சொன்னால் தாயத்துகளை, விற்றுப் பிழைக்கின்றனர். அவர்களை எதிர்த்து நிற்கிறாள் பதினெட்டு வயது நங்கை ட்ரீமோனிஷா. வளர்ப்புத் தந்தை விறகு வெட்டியும், வளர்ப்புத் தாய் துணி வெளுத்தும், அதற்கு ஈடாக ஒரு வெள்ளை மாதிடம் அவளுக்குக் கல்வி பெற்றுத் தந்தனர். மந்திரவாதிகள் அவளைக் கடத்திச் சென்று குளவிக் கூட்டிலே தள்ள முனைகின்றனர். சோளக்கொல்லைப் பொம்மை வேடத்தில் வந்த இளைஞனைப் பேயென்று எண்ணி, அஞ்சி ஓடுகின்றனர்! பிறரை அச்சுறுத்திப் பிழைத்தவர்களை அவர்களுடைய அச்சமே விரட்டுகிறது. பிடிபட்ட அவர்களைத் தண்டிக்கத் துடிக்கிறது ஊர். வேண்டாம், மன்னித்து விடுங்கள் என்கிறாள் நங்கை. ஊரார் அவளையே தம் தலைவியாக ஏற்கின்றனர். அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கும் சட்டத்திருத்தம் 1920இல்தான் வந்தது. அதற்கு முன்பே இப்படி ஒரு நாடகம்!

இதை ஏற்று வெளியிடப் பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. 1911இல் தம் சொந்தப் பணத்திலே அச்சிட்டார் ஜாப்ளின். 1915இல் ஹார்லெமில், காட்சித் திரையில்லை, வாத்தியக் குழுவில்லை, தாமே பியானோ வாசித்து ஒரு முறை அரங்கேற்றிக் காட்டினார். ஆதரிப்பார் இல்லை. உடல் நலிந்து, மனமும் சிதைந்து, 1917 ஏப்ரல் முதல் நாள், ஐம்பது வயதை எட்டுமுன் மருத்துவமனையிலே மாண்டார்.

வாத்தியக் குழுவுக்காக அவர் எழுதிய தாள்கள் அழிந்தன. கைப்பொருள் கொட்டி அச்சிட்ட அந்த நூல் மட்டும் தப்பியது. அதைக் கொண்டே 1972இல் அட்லாண்டாவிலே நாடகம் முழு உருவில் அரங்கேறியது. அதற்கு ஈராண்டு முன்பே, ஜாஷுவா ரிஃப்கின் என்பார் ஜாப்ளின் மெட்டுகளை இசைத்தட்டாக்கி இருந்தார். அந்த விளக்கின் ஒளியைத் திரைப்படம் ஊரெங்கும் பரப்பியது. 1976இல் ஜாப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருது அளிக்கப்பட்டது. அவர் மறைந்து 59 ஆண்டுகளுக்குப் பிறகு!

அவரது மெட்டை உலகம் உடனே ஏற்றது. கருத்தை ஏற்க அறுபதாண்டு எடுத்துக்கொண்டது. ஆட வைத்தால் காசு வீசுவோர், அறிவு கொளுத்தினால் கதவடைப்பர். இது அந்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஆதலின் இளைஞர்களே, நெஞ்சை ஈர்க்கும் இசை எதுவாயினும், அதைப் படைத்தவன் யார், வேறென்ன சொல்ல விழைந்தான் என்று கேளுங்கள். விருதளிப்போர் வரும்வரை காத்திராதீர்கள். வாழும்போதே ஒரு கலைஞனின் கருத்துக்குச் செவி கொடுப்பது, மாண்டபின் கல் நடுவதினும் மேலன்றோ!